ஐந்தரை மணி வெயில்

என் முதல் புத்தகத்தில் சூரியன் தப்பான நேரத்தில் உதித்தது. அதைக் கண்டுபிடித்தவர் பதிப்பகத்தில் என் கதைகளைச் சரிபார்த்த ஆசிரியர். சென்னையிலிருந்து ஒரு மதியம் கூப்பிட்டார். நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஒரு கல்யாண பேனருக்காக மாப்பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. மூணாவது கதை. மே மாசம், மதுரை. அவ காலைல அஞ்சரைக்கு எந்திரிக்கிறா. வெயில் சன்னல் கம்பி வழியா சுவத்துல விழுதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"அஞ்சரைக்கு மதுரைல ஏதும்மா வெயில்? அப்பதான லேசா வெளுக்கவே ஆரம்பிக்கும்?"

அவர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்புறம் ஏழாவது கதை. கார்த்திகை மாசம், சாயங்காலம் அதே அஞ்சரை. மில்லு விட்டு கும்மிருட்டுல தடவித் தடவி நடந்து வர்றா. அந்த நேரத்துக்குப் பசங்க தெருவுல கிரிக்கெட் ஆடிட்டு இருப்பாங்களேம்மா. நீங்க மதுரைல எந்தப் பக்கம்?"

"நான் மதுரை இல்ல மேடம். பாம்பூஃப்ளாட்."

"அது எங்க இருக்கு?"

"அந்தமான்ல. போர்ட் பிளேருக்கு எதிர்க்கரை."

"அந்தமானா?" என்றார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு கணக்கு திடீரென்று சரியாக வந்துவிட்டால் சிரிப்போமே, அது. "அதான பாத்தேன்! சரி, பெரிய விஷயமில்ல. காலைல ஆறரை, சாயங்காலம் ஏழுன்னு மாத்திடலாம். இதுமாதிரி வேற எங்கயும் இருக்கான்னு மட்டும் நீங்களே ஒரு தடவ பாத்து அனுப்பிடுங்க. அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள வரலேன்னா உங்க புத்தகத்த இந்த வரிசைல சேக்க முடியாது. அடுத்தது எப்பன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

சரி என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அழுகை வரவில்லை. ரொம்ப நாளாக வருவார் வருவார் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் கடைசியில் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் முகத்தை முடித்துவிட்டு, பெண்ணின் முகத்துக்குப் போனேன்.

இங்கே சூரியன் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகும். நாங்கள் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறோம். கடிகாரம் மட்டும் மெயின்லேண்டின் கடிகாரம். மே மாதம் ஐந்தரைக்கு எங்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். கார்த்திகையில் அதே ஐந்தரைக்கு ஃபெர்ரி நிற்கும் ஜெட்டியிலிருந்து வீட்டுக்கு வர டார்ச் வேண்டும். ஏன் இப்படி என்று பள்ளித் தேர்வில் படம் வரைந்து விளக்கி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் கதை எழுதும்போது யாரும் விடியும் நேரத்தை யோசித்து எழுதுவதில்லை. அது கையிலிருந்து தானாக வருகிறது.

அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவர்கள். இருவருக்கும் எழுத்து தெரியாது. அப்பா படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். வாரத்தில் பாதி நாள் தீவின் மேற்குக் கரையில், வண்டூரில் இருப்பார். அம்மா பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரியில் அக்கரை போய் மீன் விற்றுவிட்டு இருட்டிய பிறகு திரும்புவாள். முட்டி தேய்ந்த பிறகுதான் வீட்டோடு இருக்கிறாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியும் முடித்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் முதுகு நேராகும். தெருவில் யாருக்குக் கரண்ட் பில் வந்தாலும், மருந்துச் சீட்டைப் படிக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வந்தார்கள். பாவாடை கட்டிய வயதில் நான் படித்துச் சொன்னதைப் பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தப்பாகப் படித்திருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். பிறகு யார் என்னைப் பாராட்டினாலும் இவருக்கும் படிக்கத் தெரியாதோ என்று ஒரு நொடி தோன்றும்.

பள்ளியில் எங்கள் தமிழ்ப் புத்தகம் கப்பலில் வரும். சில வருடம் பாதிப் பாடம் நடந்த பிறகு வரும். அதில் ஆறு இருந்தது. ரயில் இருந்தது. தேர் இழுத்தார்கள். கரும்பு வெட்டினார்கள். எங்கள் ஊரில் ரயில் இல்லை. தேர் இல்லை. பாம்பூஃப்ளாட் என்ற பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை. கதை அங்கே நடக்கும், நாம் இங்கே உட்கார்ந்து படிப்போம் என்று நான் எடுத்துக்கொண்டேன். எழுத ஆரம்பித்தபோது மதுரையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு ஊரிலும் கதை நடக்கலாம் என்று தோன்றவே இல்லை. மெயின்லேண்டுக்கு ஒரே ஒரு முறை, சின்ன வயதில், ஒரு சாவுக்காகப் போயிருக்கிறேன். கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம்.

அப்படி எழுதிய கதைகளில் மூன்று ஒரு சிறுபத்திரிகையில் வந்தன. வாசகர்கள் எழுதினார்கள். எங்கள் தெருவில் நடந்த மாதிரியே இருக்கிறது என்று ஒருவர். இன்னொருவர் இரண்டு பக்கத்துக்குப் பாராட்டியிருந்தார். நாயகியின் வாழ்க்கை இருண்டுபோனதைச் சொல்லாமல் சொல்வதற்காக, சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடுவதாக எழுதியது மிகவும் நுட்பம் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. கார்த்திகை மாதம் ஐந்தரைக்கு இருட்டாமல் வேறு என்ன செய்யும்? ஆனாலும் நன்றி என்று பதில் போட்டேன்.

ஃபெர்ரியில் எப்போதாவது டிக்கெட் பார்க்க ஒருவர் வருவார். என்னிடம் டிக்கெட் இருக்கும். இருந்தாலும் அவர் என் வரிசையை நெருங்கும்போது பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவேன். ஒவ்வொரு பாராட்டும் எனக்கு அப்படித்தான் வந்தது. இப்போது டிக்கெட் கேட்டாகிவிட்டது. பை காலி.

அந்த வாரம் நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். காலையில் பாம்பூஃப்ளாட் ஜெட்டி, அக்கரையில் சாத்தம், அங்கிருந்து பஸ், கடை. சாப்பிட்டேன். தூங்கினேன். ஃபெர்ரியில் நின்றுகொண்டு ஃபோனில் கதைகளைத் திறந்து பார்த்தேன். ஒரு தப்பைத் தேடினால் பத்து கிடைத்தது. ஜூன் மாதம் மதுரையில் இடைவிடாமல் மழை பெய்தது. மில்லுக்குப் போகும் பெண்கள் எல்லாரும் குடையும் ரப்பர் செருப்புமாக நடந்தார்கள். ஒரு கதையில் நாயகியின் கணவன் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், காற்று பலமாக இருக்கிறதே, இன்றைக்கு ரயில் போகுமா என்று விசாரித்துவிட்டு வந்தான். போகாது என்று சொல்லிவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் முனகிக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

இதை நான்தான் எழுதியிருந்தேன். யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி மறுபடி மறுபடி படித்தேன்.

கடை முதலாளி பெங்காலி. எல்லாரும் அவரை தாதா என்போம். எனக்குப் பக்கத்து மிஷினில் ஒரு தெலுங்கு அக்கா. எங்கள் மூன்று பேருக்கும் பொது ஹிந்திதான்.

"க்யா ஹுவா? ரெண்டு நாளா மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"குச் நஹி, அக்கா."

"புக்குல ஏதாவது கட்பட்டா?"

"சூரியன் சீக்கிரம் வந்துருச்சாம்."

அக்கா மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தாதாவிடம், "தாதா, இவளுக்கு ஒரு நாள் சுட்டி குடுங்க. தலை சரியில்ல" என்றார். லீவு கிடைக்கவில்லை. ஒரு தமிழ் ஆள் நினைவஞ்சலி பேனருக்காக வந்து நின்றார். அவருடைய அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டெய்ரி ஃபார்ம் என்ற ஏரியாவில் வீடு.

"நாலு வரி நீங்களே போடுங்க தங்கச்சி. நீங்க எழுதுனா நல்லாருக்கும்னு சொன்னாங்க."

"அப்பா எப்படிப்பட்டவரு?"

"அவரா?" என்று யோசித்தார். "பேசவே மாட்டாரு. பேசுனா திட்டுவாரு."

நான் நாலு வரி போட்டேன். அவர் திரையில் அதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அந்த அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அந்த நாலு வரியைப் போலி என்று யாரும் சொல்லப்போவதில்லை. இது ஏன் சரி, அது ஏன் தப்பு என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. பேனரை அச்சுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகும் வழியில் அம்மா சொன்னாள்:

"ஏட்டி, சாமியாரு இன்னைக்குப் பூசை முடிஞ்சதும் ஒம் புக்கப் பத்திச் சொல்லப்போறாரு. நல்ல சேலையா கெட்டியிருக்கலாம்லா."

"எதுக்குச் சொல்லணும்? புக்கு இன்னும் வரலியேம்மா."

"வரத்தான போவுது? ஒங்கப்பா வண்டூர்ல ஒம் புக்கு காலேசுல பாடமா வருதுன்னே சொல்லிட்டு அலையிதாரு. நான் அம்புட்டு தூரமெல்லாம் போவல."

நான் நடுவழியில் நின்றேன். "சொல்ல வேண்டாம்னு சாமியார்ட்ட சொல்லும்மா. புக்கு வராமலும் போவலாம்."

"அபசகுனமா பேசாத. நட."

பூசை முடிந்து பங்குச் சாமியார் அறிவித்தார். நம் பங்கின் மகள், நூலாசிரியர், எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்து நின்றேன். கை தட்டினார்கள். நான் தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கோ தட்டுகிறார்கள், அவள் எனக்குப் பின்னால் நிற்கிறாள், நான் அவளை மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

கோவில் முற்றத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவோடு மீன் விற்ற ஒரு சித்தி முன்னால் வந்தாள். சொந்தச் சித்தி இல்லை. ஒரே ஃபெர்ரியில் போய்வந்ததால் சித்தி.

"ஏட்டி, எங்களப் பத்தி எழுதியிருக்கியா?"

"இல்ல சித்தி."

"பொறவு யாரப் பத்தி எழுதின?"

"மதுரைல ஒரு பொம்பள. மில்லு வேல பாக்கிறவ."

"அவள ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

"தெரியாதா?" சித்தி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்தியளா? தெரியாதவளப் பத்தி ஒரு புக்கே எழுதிட்டா. தெரிஞ்ச நம்மளப் பத்தி எழுதுனா அடிபிடி ஆயிரும்னு பயம்!"

"எழுதுனா ஒன் வண்டவாளம்லா வெளிய வரும்," என்றாள் அம்மா.

"வரட்டுமே. எனக்கென்ன வாசிக்கவா தெரியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காற்று எழுந்தது. சாத்தம் ஜெட்டிக்கு நான் வந்தபோது ஃபெர்ரி கட்டிப்போடப்பட்டிருந்தது. கூட்டம் ஓரத்துக் கூரையின் கீழே ஒண்டி நின்றது. ஸ்கூட்டர்கள் ஒன்றோடொன்று உரசின. புதிதாக வந்த ஒவ்வொருவரும் போட் போகுமா என்று அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"போட் சலேகா க்யா?"

"பந்த் ஹை, பந்த் ஹை."

"கப் தக்?"

"ஹவா கோ பூச்சோ."

எதுவரைக்கும் என்றதற்கு, காற்றிடம் கேள் என்று சொன்னவர் ஒரு போலீஸ்காரர். அவரும் வீட்டுக்குப் போக முடியாமல்தான் நின்றார். சுற்றிச் சாலை வழியாகப் போகலாம். ஆனால் ரொம்ப தூரம். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது, மேகத்தில் அதற்குள் இருட்டிவிட்டது. ஒரு பெண் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையோடு முன்னால் போனாள், கேட்டாள், முனகிக்கொண்டே திரும்பி வந்தாள்.

அவளை நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். முருங்கைக்காய் உட்பட. மதுரை ரயில்வே ஸ்டேஷனில், கணவனுக்குப் பின்னால், இரண்டாவது பத்தியில் நின்றாள்.

நான் ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சித்தி கேட்ட கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்டேன். உன்னை எனக்கு எப்படித் தெரியும்? 'தேர் வரும் வீதியில் கூட்டம் அலைமோதியது.' பாடப்புத்தகம். 'மல்லிகை மணம் காற்றில் மிதந்தது.' டிவி. 'ரயில் போகாது என்றதும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள், இனி நடக்கத்தான் வேண்டும் என்பதுபோல.' இதை நான் பார்த்திருக்கிறேன். என் அம்மாவின் செருப்பு அது. ஒரு மழைநாளில் ஃபெர்ரி நின்றபோது, பள்ளிச் சீருடையில் நான் அவள் பக்கத்தில் நின்றிருந்தேன்.

காற்று இறங்கி ஃபெர்ரி கிளம்பும்வரை அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். தப்பு என்று அந்த ஆசிரியர் சொன்ன இடங்களும் நானாகக் கண்டுபிடித்த இடங்களும் நான் பார்த்தவையாக இருந்தன. தப்பே இல்லாத இடங்கள் பெரும்பாலும் கடன் வாங்கியவை. நேரத்தை மாற்றினால் பார்த்தது போய்விடும், கடன் வாங்கியது மிஞ்சும். இது எனக்குப் பெரிய வெளிச்சமாக இல்லை. தெரிந்த வழியில் நடந்து வீட்டுக்கு வந்தேன். ஆறரை, ஏழு என்று மாற்றி அனுப்ப எனக்குப் பத்து நிமிடம் ஆகாது. அனுப்பினால் புத்தகம் வந்துவிடும்.

மறுநாள் மதியம் அந்த ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"மேடம், மணிய மாத்தல. ஊர மாத்தலாம்னு இருக்கேன்."

"ஊரையா?"

"எல்லாத்தையும் பாம்பூஃப்ளாட்டுக்குக் கொண்டுவந்துடறேன். கொஞ்சம் நாள் வேணும்."

அவர் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. "அட, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா! அந்தமான் கதைன்னா நல்லாப் போகுமே. அந்த ஜெயில், பழங்குடி மக்கள், பவளப்பாறை, எல்லாத்தையும் கொண்டுவாங்க. அட்டைக்குக் கூட அழகா இருக்கும்."

நான் ஜெயிலுக்கு ஒரு முறை பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். இட்லி கொடுத்தார்கள். காட்டு மக்களை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போகவும் கூடாது. பவளப்பாறை தண்ணீருக்குள் இருக்கிறது.

"எனக்கு நீச்சல் தெரியாது மேடம்."

"என்னம்மா?"

"பவளப்பாறை பாத்ததில்லைன்னு சொல்றேன். இதெல்லாம் எழுதுனா மறுபடியும் அஞ்சரை மணி கதையாயிடும்."

"அப்ப கதைல என்னதாம்மா இருக்கும்?"

"ஃபெர்ரி இருக்கும். மீன் விக்கிற ஒரு பொம்பள இருப்பா. மில்லுக்குப் பதிலா ஃப்ளெக்ஸ் கடை."

அவர் பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷி. என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. "மதுரைன்னா படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ஊரு. அந்தமான்னா பாக்க ஆசப்படற ஊரு. நீங்க சொல்றது ரெண்டும் இல்லியேம்மா. இந்த வரிசைல கண்டிப்பா முடியாது. எழுதி அனுப்புங்க, பாக்கறேன். பாக்கறேன்னுதான் சொல்றேன்."

"சரி மேடம்."

"வருத்தப்படாதீங்க."

"இல்ல மேடம்."

வருத்தம் இல்லை என்பது உண்மைதான். எதுவுமே இல்லை. ஃபோனை வைத்த பிறகுதான், கையிலிருந்த ஒரு புத்தகத்தை நானே கடலில் போட்டுவிட்டேன் என்று தெரிந்தது. தெரிந்தது, அவ்வளவுதான். அன்று ஒரு பிறந்தநாள் பேனரும் கடை திறப்புவிழா பேனரும் முடித்தேன்.

மழைக்காலம் முழுவதும் திருத்தி எழுதினேன். இது என்னைக் குணப்படுத்தியது என்று சொல்ல ஆசைதான். இல்லை. முன்பு என் பயம் மதுரைக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது. இப்போது பாம்பூஃப்ளாட்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று. தினம் ஃபெர்ரியில் ஏறுகிறவள் ஃபெர்ரியைத் தப்பாக எழுதினால் அதற்கு மன்னிப்பே கிடையாது. கயிற்றை எந்தப் பக்கம் முதலில் வீசுகிறார்கள் என்று நின்று பார்த்தேன். இத்தனை வருடம் பார்த்தும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு வரியிடமும் சித்தியின் கேள்வியைக் கேட்டேன். பதில் சொன்ன வரியை வைத்தேன், சொல்லாததை அழித்தேன். சந்தோஷம் இல்லாமலும் அந்த வேலையைச் செய்ய முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே சமாளிப்பு அதுதான்.

கோவில் முற்றத்தில் சித்தி விடவில்லை.

"எக்கா, ஒம் மவ புக்கு எங்க?"

"கப்பல்ல வருது," என்பாள் அம்மா.

"எந்தக் கப்பலு? இத்தன மாசமா நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கோ?"

"ஒனக்கு என்னட்டி, நீயா வாசிக்கப் போற?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்கமாட்டாள். தட்டை நங்கென்று வைப்பாள். ஒருநாள் மட்டும், "நெசமாவே வருமா, இல்ல நீ சும்மா சொல்லுதியா?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். சின்ன வயதில் நான் படித்துச் சொன்ன கரண்ட் பில்லை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறை.

அப்பா வண்டூரில் பேச்சை மாற்றிக்கொண்டார். காலேஜில் பாடமாக இருந்த புத்தகத்தை, பாடம் ரொம்பக் கஷ்டம் என்று எடுத்துவிட்டார்களாம்.

அனுப்பினேன். வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. போடுகிறோம், ஆனால் சொன்னதைவிடக் குறைவான பிரதிகள்தான். கீழே அந்த ஆசிரியர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த முறை எங்கேயும் கேள்விக்குறி போடவில்லை என்று. அதை ஃபெர்ரியில் படித்தேன். டிக்கெட் பார்ப்பவர் வந்தார். பையைத் துழாவினேன்.

புத்தகம் உண்மையாகவே கப்பலில்தான் வந்தது. அட்டைப்பெட்டியின் ஒரு மூலை ஈரத்தில் ஊறியிருந்தது. அம்மா கத்தியால் டேப்பை அறுத்தாள். மேலே இருந்த இரண்டு பிரதிகள் நெளிந்துபோயிருந்தன. மூன்றாவதை எடுத்துச் சேலையில் துடைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒம் பேரு எங்கட்டி இருக்கு?"

காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"படி, கேப்பம்."

எனக்குள் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அழுகையோ சிரிப்போ, எதுவானாலும் சரி. வரவில்லை. முதல் கதையைத் திறந்து, பில் படிக்கும் குரலிலேயே படித்தேன். மே மாதம். மீன் விற்கும் ஒரு பெண் எழுந்திருக்கிறாள். ஐந்தரை மணி வெயில் சன்னல் கம்பிகளைச் சுவரில் நீளமாகப் போட்டிருக்கிறது. நேரமாகிவிட்டதே என்று அவள் தலையை அள்ளி முடிகிறாள். முதல் ஃபெர்ரி போய்விட்டது.

அம்மா கையை நீட்டி நிறுத்தினாள்.

"இதுல கத எங்கட்டி? அஞ்சரைக்கு வெயிலு அடிக்கத்தான செய்யும்? இத எழுதவா இத்தன மாசம்?"

"ஆமா."

"மெயின்லேண்டுக்காரனுவ இதுக்கா புக்கு போட்டான்?"

"ஆமாம்மா."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடப் போனேன்.

"மூடாத," என்றாள். "ஃபெர்ரிய விட்டுட்டாள்லா, பொறவு எப்பிடிப் போனா? மேல படி."